மூன்று லட்ச ரூபாய்க்குள் பழைய வேன்: ஆம்னியா, ஈக்கோவா, குட்டி யானையா?

கோவையில் என் அக்கா ஏழு ஆண்டுகளாக இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். நாளொன்றுக்கு 180 கிலோ மாவு, 22 கடைகள், விடியற்காலை நான்கு மணிக்கு முதல் கடை. மாவு புளிப்பதற்குள் கடைசிக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், வண்டி ஒரு நாள் நின்றாலும் அன்றைய மாவு முழுவதும் வீணாகிவிடும். முன்பு வைத்திருந்த வேன் போனபின் கையில் இருந்த மூன்று லட்ச ரூபாய்க்குள், வாங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலைகளையும் சேர்த்து, இன்னொரு பழைய வேன் தேட வேண்டியிருந்தது. மாருதி ஆம்னி, மாருதி ஈக்கோ, ஊரெல்லாம் குட்டி யானை என்று அழைக்கும் டாடா ஏஸ் ஆகிய மூன்றையும் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தோம். அதே நிலையில் இருக்கும் சிறு வியாபாரிகளுக்குப் பயன்படும் என்பதால் அந்த ஒப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் என்ஜினை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்பார்கள், அடுத்து உருவத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், விலை படிந்த பிறகுதான் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் காகிதம், அதன்பின் தரைத் தகடு, கடைசியில்தான் என்ஜின். இந்த வண்டிகளின் என்ஜின்களைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார். துருவேறிப் போன அடிப்பாகத்தை முழுமையாக மீட்டுக் கொடுப்பவர் அரிது. தவறான பதிவில் ஓடும் வண்டியை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது.

எண் பலகையின் நிறத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் முதல் எண்ணம் ஐந்து இருக்கைகள் கொண்ட வெள்ளைப் பலகை, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான, ஈக்கோ ஒன்றை வாங்கி, காலையில் மாவும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பழனிக்கும் என்று இரண்டுக்கும் பயன்படுத்துவதாக இருந்தது. கேட்பதற்குச் சிக்கனமாகத் தோன்றும் இந்த யோசனைதான் எங்களை மூன்று வாரங்கள் அலைக்கழித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில், சரக்கு ஏற்றுவதற்கென்று கட்டப்படாத வண்டியாக இருந்தாலும் அதைச் சரக்கு ஏற்றப் பயன்படுத்தினால் அது சரக்கு வாகனமாகக் கருதப்படும். சொந்தப் பயன்பாட்டுக்கு என்று எடுத்த காப்பீட்டில் அன்றாடம் வியாபாரச் சரக்கு ஏற்றிக்கொண்டு போய் விபத்து நேர்ந்தால், இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் அதைக் காரணமாகக் காட்டி மறுக்க இடமிருக்கிறது. பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் தினமும் இருட்டில், தூக்கக் கலக்கத்தோடு வருகிற லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுகிற மச்சானுக்கு, ஏதாவது நேர்ந்தால் காப்பீடு கைவிடும் என்ற நிலையை நான் ஏற்கவில்லை.

ஆகவே இரண்டு தேவைகளையும் பிரித்தோம். பழனிக்குக் கோவையிலிருந்து நாளெல்லாம் பேருந்து இருக்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து முறை வாடகைக் கார் எடுத்தாலும் ஒரு செட் டயர் விலையைப் பெரிதாகத் தாண்டாது. வண்டி மாவுக்கு மட்டும் என்று முடிவானதும் ஒப்பீடு எளிதாகிவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை. இலகு ரக வாகன உரிமம் இருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. அதனால் மச்சான் புதிய உரிமம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. சரக்கு வண்டியாக இருந்தால் முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். இதைச் சுமையாகப் பலர் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் பிரேக்கையும் விளக்கையும் பார்த்தே தீர வேண்டும் என்பதை நான் பாதுகாப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இனி ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பின்னர் ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி இது. மாருதி 800 காரில் இருந்த அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜின்தான் இதிலும் இருக்கிறது. அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. எந்தச் சிற்றூரிலும் ஓரிரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். உருவத்தில் சிறியது, குறுகிய சந்தில் திரும்பும், இருபுறமும் தள்ளு கதவு இருப்பதால் கடை வாசலில் நிறுத்தி மாவுப் பாத்திரத்தை இறக்குவது எளிது. எங்களிடம் சொல்லப்பட்ட விலைகள் பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையே இருந்தன. இவ்வளவு நல்ல குணங்கள் இருந்தும் நான் ஆம்னி வேண்டாம் என்றதற்குக் காரணம் எங்கள் பழைய வண்டிதான்.

2021-இல் நாங்கள் வாங்கியது 2009-ஆம் ஆண்டு ஆம்னி. விற்ற தரகர் வண்டியின் அடிப்பாகத்துக்குப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்திருந்தார். துருப்பிடிக்காமல் இருக்க அடித்தது என்றார், நாங்களும் மகிழ்ச்சியோடு நம்பினோம். மூன்றாவது ஆண்டில், பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில், மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே உள்ள ஓரத் தகட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். அது அப்பளத்தில் இறங்குவது போல இறங்கியது. கறுப்புப் பூச்சுக்கு உள்ளே தகடே இல்லை. பட்டி வைத்து, அதன்மேல் கம்பி வலை வைத்து, அதற்கும் மேல் பூச்சு அடித்து மறைத்திருந்தார்கள். மிச்சமிருந்த தரையை எங்கள் மாவே தின்றுவிட்டிருந்தது. உப்புப் போட்டு அரைத்த மாவு சிந்தி, ரப்பர் விரிப்பின் அடியில் ஊறி, தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கழுவ ஈரம் காயாமல் துரு ஏறியிருந்தது. வாகன ஆய்வாளர் வண்டியைத் திருப்பி அனுப்பியதில் தவறே இல்லை. அப்போது நாங்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம்.

அந்த அனுபவத்துக்குப் பின் நான் எந்த வேனையும் பார்க்கும் முறை இதுதான். ரப்பர் விரிப்பை முழுவதும் தூக்கச் சொல்வேன். விற்பவர் தயங்கினால் அங்கேயே திரும்பிவிடுவேன். பின்சக்கரங்களின் மேல் உள்ள வளைவு, தள்ளு கதவு ஓடும் கீழ்த்தண்டவாளம், பின்பக்க ஸ்பிரிங் சட்டத்தோடு சேரும் இடம், ஓட்டுநரின் கால் வைக்கும் மூலை ஆகிய நான்கும்தான் முதலில் அரிக்கும். சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி ஓரத் தகடு நெடுக நகர்த்திப் பார்த்தால், பட்டி வைத்த இடத்தில் பிடிப்பு சட்டென்று தளர்ந்துவிடும். விற்பனைக்கு முன் புதிதாக அடித்த கறுப்புப் பூச்சை நான் நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய, மண் ஒட்டிய, ஆனால் தட்டினால் கணீர் என்று ஒலிக்கிற தகடே மேல்.

ஆம்னியில் வயதுக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் விலைக்குள் வந்த வெள்ளைப் பலகை ஆம்னிகளில் பெரும்பாலானவை 2009 முதல் 2013 வரையிலானவை. அதாவது பதிவுக் காலம் முடியும் தறுவாயில் இருப்பவை அல்லது முடிந்தவை. பதினைந்து ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இருபது ஆண்டு கடந்ததற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கினார்கள். இதற்கு மேல் பசுமை வரி, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் உண்டு. ஒரு லட்சத்துக்குக் கிடைக்கிற ஆம்னியை எஃப்.சி.-க்குத் தயார் செய்யவே ஐம்பதாயிரம் ஆகிவிட்டால், அது மலிவான வண்டி அன்று.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய ஆம்னிகளில் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையைப் பொருத்தி ஓட்டிய வண்டிகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. உருளையைக் கழற்றிவிட்டுத்தான் காட்டுவார்கள். பின்னிருக்கைக்கு அடியில் வட்டமான தேய்மானத் தடம், தரையில் தேவையில்லாத ஓட்டைகள், என்ஜின் பக்கம் போகும் முடிச்சிட்ட ரப்பர் குழாய் ஆகியவை தென்பட்டால் அந்த வண்டியை என்ன விலைக்கும் வாங்கக் கூடாது. முறையான எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. பொருத்தம் என்றால் ஆர்.சி.-யில் எரிபொருள் என்ற இடத்தில் அது பதிவாகியிருக்கும், சி.என்.ஜி. உருளைக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்த அழுத்தச் சோதனையின் சான்றிதழும் இருக்கும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

டாடா ஏஸை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் அது எங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை; வேறு வேலைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. 2005-இல் வந்த ஏஸ் 702 சி.சி. இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜினோடு முக்கால் டன் ஏற்றும்படி வடிவமைக்கப்பட்டது. தனிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டிருப்பதால் பாடி அரித்தாலும் மாற்றிக்கொள்ளலாம். காய்கறி, தண்ணீர் கேன், கட்டுமானப் பொருள் என்று அரை டன்னுக்கு மேல் தினமும் ஏற்றுகிறவர்கள் வேறு வண்டியைப் பார்க்கவே வேண்டாம். எங்களுக்கு 180 கிலோதான் சுமை. திறந்த தொட்டியில் தூசியும் மழையும் படும். மூடிய பெட்டி கட்டினால் செலவு கூடும். அதைவிட, இரண்டு சிலிண்டர் என்ஜினின் அதிர்வில் மாவு குலுங்கி, பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது. உறவினர் ஒருவரின் ஏஸை இரண்டு நாள் வாங்கிச் சோதித்தபோது அக்காவே போதும் என்று சொல்லிவிட்டார்.

மிஞ்சியது ஈக்கோ. 2010 ஜனவரியில் அறிமுகமான இது, மாருதி முன்பு விற்ற வெர்சா வேனின் உருவத்தில் 1.2 லிட்டர் என்ஜினைப் பொருத்தி விலையைக் குறைத்துக் கொடுத்த வண்டி. 73 குதிரைத்திறன் என்பது ஆம்னியை விட இரு மடங்குக்கும் மேல். மருதமலை ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும். ஆம்னியில் முதல் கியருக்கு இறங்க வேண்டிய இடத்தில் ஈக்கோ இரண்டாவதிலேயே போகிறது. இதில் சரக்குக்கென்றே வருகிற கார்கோ வகையில் இரண்டே இருக்கைகள், பின்னால் முழுவதும் மூடிய தட்டையான தரை. மாவுக்கு வேண்டியது இதுதான்.

ஈக்கோவின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016-இல் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் காற்றுப்பை இல்லாத ஈக்கோ ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலைக்குப் பின்னரே கட்டாயமானது. எங்கள் விலைக்குள் வருகிற வண்டிகளில் அது இருக்காது. ஆம்னியில் ஓட்டுநரின் கால்களுக்கு முன்னால் ஒரு தகடும் பம்பரும் மட்டுமே என்பதால் அதற்கு ஈக்கோ பரவாயில்லை என்று ஆறுதல் கொள்ளலாமே தவிர, பாதுகாப்பான வண்டி என்று சொல்ல முடியாது. மச்சானிடம் இரண்டு வாக்குறுதி வாங்கிக்கொண்டோம்: நகரத்துக்குள்ளும் சீட் பெல்ட், எந்தச் சாலையிலும் ஐம்பதுக்கு மேல் வேகமில்லை.

ஒன்பது ஈக்கோக்களைப் பார்த்தோம். கோவைக்குப் பாலக்காடு பக்கம் என்பதால் கேரளப் பதிவு வண்டிகள் இருபதாயிரம் குறைவாகவே கிடைத்தன. ஆனால் அவற்றுக்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, எண்ணை மாற்ற வேண்டும். அந்த மழையில் ஓடிய தகட்டைப் பற்றியும் எனக்குத் தயக்கம் இருந்தது. உள்ளூர்ப் பதிவிலேயே தேடினோம். ஒவ்வொரு வண்டி எண்ணையும் அரசின் எம்-பரிவாஹன் செயலியில் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, அபராதம் நிலுவை உண்டா என்று பார்த்த பிறகே நேரில் போனோம். நான்கு வண்டிகள் அங்கேயே கழிந்துவிட்டன; அவற்றில் மூன்றுக்குக் கடன் பதிவு நீங்கவில்லை. வங்கியில் கட்டி முடித்தாயிற்று என்று வாயால் சொல்வது போதாது, வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.), கடன் பதிவை நீக்குவதற்கான கையெழுத்திட்ட படிவம் 35-உம் வேண்டும்.

நேரில் போகும்போது முந்தின இரவே பேசி, காலையில் நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். சூடான என்ஜின் தன் நோயை மறைக்கும். ஓட்டுநர் பக்கத்து இருக்கையைத் தூக்கி என்ஜினைக் கையால் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகே சாவியைத் திருப்பச் சொன்னோம். ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் தேநீர் நிறத்தில் நுரை படிந்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது, என்ஜினின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது என்று பொருள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கெட்டியான வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் அடங்காவிட்டால் மறுபடியும் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு கால் மணி நேரம் நின்ற நிலையில் ஓடவிட்டு, வெப்ப முள் பாதியில் நிற்கிறதா, ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுற்றி நிற்கிறதா என்று பார்த்தோம். கடை கடையாக நின்று போகும் வண்டிக்கு வேகமாக ஓடுவதைவிட நின்றபடி சூடேறாமல் இருப்பதே முக்கியம்.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நின்ற நிலையிலிருந்து கிளட்சை விடும் கணத்தில் அடியில் ‘டக்’ என்று ஒரு தட்டு கேட்டால் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் என்ற இணைப்பு தேய்ந்திருக்கிறது; இது சிறு செலவு. நாற்பது, ஐம்பது வேகத்தில் ‘ஊ’ என்று ஊளையிட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டதும் சத்தத்தின் சுருதி மாறினால் பின்னச்சில் உள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றன. இது பெருஞ்செலவு, விலையில் கழிக்க வேண்டும். பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக, எண்ணெய் வழிந்த தடத்தோடு இருந்தால் ஆக்சில் சீல் போய் ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்குகிறது. பிரேக் ஒரு பக்கம் இழுப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பரும், தள்ளு கதவின் கைப்பிடியும், ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரமும் சொல்லும் கணக்கே எனக்குப் போதும்.

இறுதியில் எடுத்தது 2017-ஆம் ஆண்டு ஈக்கோ கார்கோ, பெட்ரோல், இரண்டாவது உரிமையாளர், 2,35,000 ரூபாய். அதற்கு முந்தின வாரம் பார்த்த இன்னொன்று இதைவிடப் பளபளப்பாகவும் பன்னிரண்டாயிரம் குறைவாகவும் இருந்தது. பின்சக்கர வளைவில் காந்தம் நிற்கவில்லை என்பதால் விட்டுவிட்டோம். சேசிஸ் எண்ணை நானே காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, ஆர்.சி.-யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் முன்பணம் கொடுத்தோம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை எங்கள் முன்னிலையில் வாங்கி, மீதிப் பணத்தை வங்கி வழியாகவே அனுப்பினோம். வாங்கியவர் பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸையும் முப்பது நாளுக்குள் ஆர்.சி.-யையும் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதில் ஒரு நாளும் ஒத்திப்போடக் கூடாது.

முதல் மாதத்திலேயே செய்த வேலைகளுக்கு 38,000 ரூபாய் ஆனது. நான்கு டயர்களுக்கு 15,200, கிளட்ச் செட்டுக்கு 7,500, டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் சேர்த்து 5,500, ஆக்சில் சீலுக்கும் பிரேக் ஷூவுக்கும் 3,800, தள்ளு கதவு ரோலருக்கு 1,600, ஹோஸ், கூலன்ட், எல்லா ஆயில்களுக்கும் 4,400. டைமிங் பெல்ட் நல்லாத்தானே இருக்கு என்று மெக்கானிக் சொன்னபோதும் மாற்றச் சொன்னேன். எப்போது மாற்றியது என்பதற்குச் சான்று இல்லாத பெல்ட், காலை நான்கு மணிக்கு நடுச்சாலையில் அறுந்தால் வண்டி அசையாது. பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களையும் அப்போதே புதிதாக்கினோம். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் அதில் விரைவாகக் கெட்டுவிடும், ஓட்டுநர் அமர்ந்திருப்பதோ என்ஜினுக்கு மேல். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அன்றே பட்டறைக்குப் போக வேண்டும் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.

பட்ஜெட்டில் மிச்சமிருந்த 27,000 ரூபாயில் ஒரு பகுதியைத் தரைக்குச் செலவிட்டோம். மாவுப் பாத்திரங்கள் நிற்கும் இடம் முழுவதற்கும், நான்கு பக்கமும் விரலளவு உயரம் மடித்த அலுமினியத் தட்டு ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம். மாவு சிந்தினால் தட்டோடு நிற்கும், வண்டியின் தகட்டைத் தொடாது. ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மச்சானும் அதை வெளியே இழுத்துக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைக்கிறார்கள். அடியில் உள்ள தரை வெயிலில் மதியம் வரை காய்கிறது.